பெயர் எழுதாத வட்டம்

போன மாதம் நம் ஆய்வுப் பிரிவைப் பார்க்க வந்திருந்தேன். தேநீர் கொடுத்து உட்காரவைத்து, பெரிய திரையில் உங்கள் புதிய வரைபடத்தைக் காட்டினீர்கள். சிறுதொழில் செய்கிறவர்களிடையே எந்த யோசனை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று வட்டங்களும் கோடுகளும் வண்ண வண்ணமாக அசைந்தன. ஒரு வட்டத்தைத் தொட்டால் அது பெரிதானது. அதோடு ஒட்டிய கோடுகளெல்லாம் மின்னின. "பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்போறோம் மேடம், எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டேன். முப்பது வருடம் வேலை பார்த்த கட்டடத்தில் கழிப்பறைக்கு வழி கேட்டதை வயதுக் கோளாறு என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில், நடுவில் பெரிதாகி நின்ற அந்த ஒரு வட்டத்தைப் பார்க்க முடியாமல்தான் எழுந்து போனேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். ஆய்வு முறைகளெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றிப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்கமாட்டேன். நான் போட்ட ஒரு வட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பா ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது. எனக்கோ என் ஆய்வு முடியவில்லை என்ற கவலை. எங்கள் பேராசிரியர் அந்த ஆய்வுக்கு ஆங்கிலத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருந்தார். இன்று நீங்கள் 'புத்தாக்க வலைப்பின்னல்' என்று சொல்கிறீர்களே, அதுதான். அந்தப் பெயரைக் கேட்டு ஆட்கள் மிரண்டுபோனதால் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: "உங்க மெஷின் ஓடலன்னா யாரைக் கேப்பீங்க?"

முதலில் கேட்டது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த லெட்சுமி அக்காவிடம். வீட்டின் பின்கட்டில் இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குப் போடுகிறவர். கையால் சுற்றும் பழைய இயந்திரத்துக்கு மோட்டார் பூட்டி வைத்திருந்தார். அவர் கேட்டது பண்டமாரானில் லேத் பட்டறை வைத்திருந்த ஆ சோங்கை. ஆ சோங் ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு பிறந்து வளர்ந்த சீனர். என்னைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவார். அவரிடம் போய்க் கேட்டால், "நான் கடைசல் புடிக்கிறவன் டீச்சர். மூளை சுங்கை வேயில இருக்கு" என்றார். முறுக்கு போடுகிறவர், மசாலா மில் வைத்திருந்தவர், பூச்சோங்கில் அப்பளம் போட்ட குடும்பம் என்று யாரைக் கேட்டாலும் விரல் அங்கேதான் நீண்டது.

அந்த மனிதரைத் தேவராஜ் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரல்ல. ஏன் மாற்றுகிறேன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும். சுங்கை வேயில் ஒரு மின்விசிறி ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் சைக்கிளில் பண்டமாரானுக்கு வந்துவிடுவார். ஆ சோங்கின் தகரக் கொட்டகைக்கு யாருக்கு என்ன கோளாறோ அதைக் கொண்டுவருவார்கள். கூலி வாங்கமாட்டார். சாப்பாடு போட்டால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்.

அவர் செய்த புதுமையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இடியாப்ப இயந்திரத்தின் அடியில் துளை போட்ட பித்தளைத் தட்டு ஒன்று இருக்கும். மாவு இறுகி அது ஒட்டிக்கொள்ளும். கத்தியை விட்டு நெம்பித்தான் எடுக்க வேண்டும். லெட்சுமி அக்காவின் விரல்களில் அந்தக் கத்தி போட்ட தழும்புகள் நிறைய. தேவராஜ் என்ன செய்தார் என்றால், தட்டின் விளிம்பில் கட்டைவிரல் உட்காருகிற மாதிரி ஒரு குழிவை அரத்தால் அராவிவிட்டார். விரலை வைத்து ஒரு தூக்கு, தட்டு கையோடு வந்துவிடும். அவ்வளவுதான். மூன்று வருடத்தில் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் அந்தக் குழிவு போய்ச் சேர்ந்திருந்தது. மற்ற பட்டறைக்காரர்கள் பார்த்துச் செய்ததில் வெறும் வெட்டுதான் இருக்கும், எல்லோருக்கும் ஒரே அளவு. இவர் செய்வது வேறு. ஒரு உருண்டை மாவை நீட்டி, "கட்டவிரல வச்சி அழுத்துங்க" என்பார். அந்தப் பதிவைக் காயவைத்து, அதே அளவுக்கு அராவுவார்.

"ஒரு இடியாப்பத் தட்டுக்கு இவ்ளோ அளவா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி இத தூக்குவாங்க மிஸ்? செருப்பு மட்டும் அளவு பாத்து வாங்குறோம்லா," என்றார். அப்புறம் ஒரு உருண்டை மாவை என் பக்கம் நீட்டினார். "நீங்களும் வைங்க."

"எனக்கு இடியாப்பம் புழியத் தெரியாது."

"தெரியாட்டி என்ன, விரல் இருக்குல்ல?"

வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாவு பெசையாத வெரலு. பேனா புடிச்ச காய்ப்பு மட்டும் இருக்கு. ஒரு நாளைக்கு உங்களுக்கும் ஒன்னு செஞ்சு தரேன்" என்று சொல்லி, சன்னல் விளிம்பில் மற்றவர்களுடைய உருண்டைகளோடு வைத்தார்.

ஆமாம், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது; கிராணி மகளுக்கும் தோட்டத்திலிருந்து வந்த தொழிலாளிக்கும் இடையில் கிள்ளான் ஆற்றைவிட அகலமான ஒன்று ஓடியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் பண்டமாரான் போய் இறங்கும்போது எனக்கிருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் வரவில்லை. தகரக் கூரையின் சூடு, லேத் நிற்கிற நேரத்தில் ஆ சோங் போடும் பால் இல்லாத தே ஓ, லெட்சுமி அக்கா கொண்டுவரும் இடியாப்பமும் தேங்காய்ப்பூவும். மூன்று பேரும் ஒரு தட்டைச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். நான் குறிப்பேட்டில் எழுதுவதாகப் பாவனை செய்துகொண்டு தேவராஜின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆய்வு முடிந்தது. பல்கலைக்கழகத்துக்குள் கொடுத்த அறிக்கையில் வட்டங்களுக்கு வெறும் எழுத்துகள்தான். ஊர் இல்லை, தெரு இல்லை. அதைப் பேராசிரியரைத் தவிர யாரும் படித்திருக்கமாட்டார்கள். அவர்தான் சொன்னார், மக்களிடமிருந்து எடுத்ததை மக்களிடமே கொண்டுபோய்க் காட்டலாம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கலாம் என்று. எனக்கு ஆர்வம் பொங்கியது. வெறும் எழுத்தும் கோடும் போட்டால் லெட்சுமி அக்காவுக்கு என்ன புரியும்? அதனால் ஒரு பெரிய அட்டையில் ரயில் பாதை, ஆறு, நெடுஞ்சாலை, கிள்ளான் துறைமுகம் எல்லாம் வரைந்து, அதன் மேல் வட்டங்களை அந்தந்த இடத்தில் வைத்தேன். தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று. சுங்கை வேயில் எல்லாக் கோடுகளும் வந்து சேரும் பெரிய சிவப்பு வட்டம். பெயர் எழுதவில்லை. அதன் பக்கத்தில் மட்டும் மூன்று மொழியிலும் ஒரு வரி: 'ஆலைத் தொழிலாளர் ஒருவர், மதிய இடைவேளையில் ஆலையின் லேத்திலேயே கழிவுப் பித்தளையில் தட்டுகளைக் கடைந்து தருகிறார்.'

அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னது அது. அந்தப் பெருமை ஊருக்கே தெரிய வேண்டும் என்று நினைத்தேன். என் ஆசையும் அந்தச் சிவப்பில் இருந்தது என்று பிறகுதான் உறைத்தது. மற்ற வட்டங்களுக்கு அவ்வளவு நேரம் எடுத்து வண்ணம் பூசவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் லெட்சுமி அக்கா மண்டபத்துக்கு வந்தார். நான் நாற்காலி மேல் ஏறி அட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே நின்று விரலால் ரயில் பாதையைத் தொடர்ந்துகொண்டே போனவர் சிவப்பு வட்டத்தில் நின்றுவிட்டார்.

"இது நம்ம தேவராஜ்தானே?"

"பேரு போடலையே அக்கா."

"பேரு எதுக்கு? சுங்கை வேயில லேத் வச்சிருக்கிற ஆலை எத்தனை? அதுல வேலை செய்ற தமிழாளு எத்தனை? வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுது லா."

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். என் கைப்பையில் வெள்ளைத்தாள் இருந்தது, பசை டப்பா இருந்தது. அந்த ஒரு வரி மேல் ஒரு துண்டு ஒட்ட ஐந்து நிமிடம் போதும். வட்டத்தையும் சேர்த்து மூட இன்னொரு ஐந்து நிமிடம். ஆனால் மறுநாள் காலை துறைத் தலைவர் வருகிறார், பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, புது அட்டையில் ஒட்டுத்தாள் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும். அதைவிடவும், நடு வட்டத்தை மூடிவிட்டால் என் ஆய்வில் காட்ட என்ன இருக்கிறது? கோடுகளெல்லாம் ஓடிவந்து ஒரு வெள்ளைத்தாளில் முட்டி நிற்கும். "அதெல்லாம் ஒன்னும் ஆகாது அக்கா, இது படிச்சவங்க பார்க்கிறது" என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். படித்தவர்கள்தான் வேலையை விட்டு எடுக்கிறவர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்காட்சி அமோகம். தேவராஜும் வந்திருந்தார், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு. சிவப்பு வட்டத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "இவ்ளோ கோடா எங்கிட்ட வருது?" என்று மட்டும் கேட்டார். அவர் பயந்தாரா, மகிழ்ந்தாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. மகிழ்ந்தார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தமிழ் நாளிதழ் அந்த அட்டையைப் படம் பிடித்துப் போட்டது. வரி தெளிவாகப் படிக்க முடிந்தது. ஆலையில் ஒரு மேற்பார்வையாளர் தமிழர். அவர் அதை மேலே கொண்டுபோனார். ஆ சோங் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது தேவராஜ் விசாரணைக்குப் போய் வந்திருந்தார். வழக்கமாகப் போடும் வசவு ஒன்றுகூட அன்று ஆ சோங் வாயில் வரவில்லை. "அவன் வாயத் தொறக்கல டீச்சர். நான் இல்லன்னும் சொல்லல, நாந்தான்னும் சொல்லல. ஆலைல ஆதாரம் இல்ல. நீங்க சும்மா இருங்க," என்றார்.

சும்மா இருக்க முடியவில்லை. நானும் பெரிய படிப்பு படித்தவள் ஆயிற்றே, ஆங்கிலத்தில் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று மறுநாளே ஆலைக்குப் போனேன். குளிரூட்டிய அறை. மேலாளர் மரியாதையாக எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். நான் மூச்சு விடாமல் பேசினேன். இந்த மனிதர் எத்தனை குடும்பங்களுக்கு உதவுகிறார், கழிவில் போகிற துண்டுகளைத்தான் எடுக்கிறார், சாப்பாட்டு நேரத்தில்தான் செய்கிறார், இப்படிப்பட்டவரை வைத்திருப்பது ஆலைக்குப் பெருமை என்று. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மிகவும் மென்மையாக, "அப்படியானால் அது உண்மைதான்?" என்று கேட்டார்.

அந்தக் குவளையை நான் கீழே வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவரிடம் இல்லாத ஆதாரத்தை நானே நடந்து போய்க் கொடுத்திருந்தேன். அந்த வாரக் கடைசியில் தேவராஜுக்கு வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை வேக்குப் போனேன். அவர் தங்கியிருந்த பலகை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கருவிப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஆலைக்குப் போனீங்களாமே மிஸ்."

"உங்களுக்கு நல்லது செய்யணும்னு..." என்று ஆரம்பித்தேன். வாசலில் நின்று அழுதேன்.

அவர் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். "நீங்க வந்து கேட்டப்ப நல்லா இருந்துச்சி. பதினேழு வருசமா யாரும் எங்கிட்ட எப்படி செஞ்சேன்னு கேட்டது இல்ல. செஞ்சு குடுன்னுதான் கேப்பாங்க. அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொன்னது என் தப்பு."

"இல்ல, தப்பு என்னோடது."

"சரி, அப்ப ஒன்னு மட்டும் செய்ங்க." முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "நான் எங்க போறேன், எங்க இருக்கேன்னு யாருகிட்டயும் கேக்காதீங்க. நீங்க கேட்டா எல்லாரும் சொல்லிடுறாங்க. எங்கயாச்சும் ஒரு வேலை கெடைச்சா அது எனக்கு நிக்கணும்."

சரி என்றேன். அவர் கிளம்பிப்போனார். எந்தப் பக்கம் திரும்பினார் என்றுகூடப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் சத்தம் நெடுஞ்சாலைப் பக்கம் போவது காதில் விழுந்துவிட்டது.

ஆ சோங் கொட்டகைக்கு ஒரே ஒரு தடவை போனேன். மரியாதையாக நாற்காலி போட்டார். அதற்கு முன் அவர் எனக்கு நாற்காலி போட்டதே இல்லை, கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின்னில்தான் உட்காருவேன். சன்னல் விளிம்பில் மாவு உருண்டைகள் இல்லை. லெட்சுமி அக்காவிடம் இடியாப்பம் தொடர்ந்து வாங்கினேன். மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டபோது, "தானா ஓடுது மிஸ்" என்றார். அக்காவுக்கு அதுவரை நான் 'தங்கச்சி'. அத்தனை கோடுகளை வரைந்தவள் நான். என்னைக் கண்டால் ஒருவருக்கும் ஒருவரையும் தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு நான் செய்த எந்த ஆய்வும், அதில் இருக்கிறவர்கள் முதலில் பார்த்து "வைக்கலாம்" என்று சொல்லாமல் வெளியே போனதில்லை. அவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் அந்த இடத்தில் வெள்ளைத்தாள்தான். ஒரு தடவை அமைச்சரே வந்த கண்காட்சியில் நடுவில் பெரிய வெள்ளைத் துண்டோடு ஒரு வரைபடம் நின்றது. என்ன இது என்று அவர் கேட்டார், யாரென்று கேட்கக்கூடாத ஒருவர் என்றேன். கைப்பையில் எப்போதும் பசை வைத்திருந்ததால் மாணவர்கள் எனக்குப் 'பசை மேடம்' என்று பட்டம் வைத்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் திரையில் பசை ஒட்டாது என்று தெரியும். அதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள்; அதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பத்து வருடம் போயிருக்கும். நான் அப்போது விரிவுரையாளர். வேறு வேலையாகக் கிள்ளான் பக்கம் போனவள் பசிக்கு ஒரு சின்னக் கடையில் ஒதுங்கினேன். எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். ஒரு இளம் பெண் அங்கேயே இடியாப்பம் பிழிந்து, ஆவியில் வைத்துச் சுடச்சுடக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாவு தீர்ந்து, அவள் தட்டைக் கழற்றினாள். கத்தி எடுக்கவில்லை. கட்டைவிரலை வைத்து ஒரு தூக்கு. விரல் அந்தக் குழிவில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. பித்தளை புதுசு, இன்னும் கறுக்கவில்லை.

"அந்தத் தட்டைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா?"

கழுவித் துடைத்துக் கொடுத்தாள். குழிவின் ஓரம் வழவழவென்று இருந்தது. வெட்டு இல்லை, அராவல்.

"எல்லாரும் இதத்தான் கேப்பாங்க ஆன்டி," என்று சிரித்தாள். "எங்கயும் கெடைக்காது. அந்த அங்கிள் என் வெரல மாவுல வச்சி அளவெடுத்துச் செஞ்சு குடுத்தாரு. யாருன்னு சொல்லவா? உங்களுக்கும் வேணுமா?"

என் வாழ்நாள் முழுக்க நான் சம்பளம் வாங்கியது 'யார்' என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான். அன்றைக்கு அது தொண்டை வரை வந்தது. அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே நான் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

"வேண்டாம்மா. இன்னும் ரெண்டு வை," என்றேன்.

அவள் இடியாப்பம் எடுக்கத் திரும்பினாள். அந்த நேரத்தில் கையில் இருந்த பித்தளைத் தட்டின் குழிவில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அது எனக்குப் பெரிதாக இருந்தது.